பொன்தட்டும் பாட்டின் பெருமையும்

ஒரு பாப் இசைப் பாடகரை வெற்றி பெற்றவர் என்று எதனைக் கொண்டு துணிகிறோம்? இவ்வினாவை இன்றைய மாணவரிடம் எழுப்பினால் விடை நொடியில் வந்துவிடுகிறது. எத்தனை கோடிப் பேர் கேட்டனர், எத்தனை வாரம் முதலிடத்தில் நின்றது, எத்தனை பிளாட்டினத் தட்டுகள் கிடைத்தன என்று எண்கள் தடுமாற்றமின்றி வருகின்றன. பாட்டு எப்படி என்னும் அடுத்த வினாவுக்குத்தான் மௌனம். இதற்காக இளையரை நகைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. மலேசியாவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும் வரையில், ஒரு தமிழ்ப்பள்ளியின் தரத்தை எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றோரின் தொகையால் நிறுக்கும் வழக்கம் பெரியவர்களிடத்தும் இருந்ததே!

அறியும் கருவியை 'அளவை' என்றனர் நம் முன்னோர். மணிமேகலை அளவைகளை விரித்துரைக்கும் காப்பியம் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அவற்றுள் காட்சி ஒன்று, கருதல் மற்றொன்று. இத்தனை தட்டுகள் விற்றன என்பது காட்சியின்பாற்படும். ஆகவே இக்கலைஞர் வெற்றி பெற்றார் என்பதோ கருதல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போன்றது. அவ்வாறாயின், கண்டது புகைதானா, பனிமூட்டமா என்று முதலில் ஆராய வேண்டுமன்றோ?

1942 பிப்ரவரியில், 'சட்டனூகா சூ சூ' என்னும் பாடலின் இசைத்தட்டு 12 இலட்சம் விற்றதைக் கொண்டாட, ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் தட்டொன்றுக்குப் பொன்வண்ணம் பூசி, இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லரிடம் அளித்தது. தன் சரக்கின் விற்பனையைத் தானே பாராட்டிக்கொண்ட விளம்பரம் அது. 1958-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்கழகம் இதற்கு ஒரு முறைமை வகுத்தது. தனிப்பாடலாயின் பத்து இலட்சம் தட்டுகள் விற்றிருக்க வேண்டும், தணிக்கையாளர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பின்னரே பொன்தட்டு. 1976-இல் பிளாட்டினம் சேர்ந்தது. 1989-இல் தனிப்பாடலுக்குரிய பொன்தட்டின் எல்லை ஐந்து இலட்சமாகக் குறைந்தது. மரக்காலின் கொள்ளளவைப் பாதியாக்கினால், களத்தில் நெல் மிகாமலே மரக்கால்களின் எண்ணிக்கை மட்டும் இரட்டிக்கும்.

இன்னொன்று நோக்கற்பாலது. இச்சான்று தானே தேடி வருவதன்று. நிறுவனம் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்திப் பெறுவது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் 1960-களில் தன் கணக்கேடுகளைக் கழகத்தின் தணிக்கைக்குத் திறந்து காட்டவில்லை. அந்நிறுவனத்தின் சுப்ரீம்ஸ் குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள், 1964 முதல் 1969 வரை பன்னிரண்டு பாடல்களை அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்திற்குக் கொண்டு சென்றனர். நாடே அவற்றைப் பாடிற்று. ஆயினும் அக்காலத்தில் அப்பாடல்களுக்குக் கழகத்தின் பொன்தட்டு கிடைக்கவில்லை. சான்றுப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஒருவர், இவர்களைத் தோற்றவர் எனக் கருதுவாரல்லரோ?

தரவரிசைதான் குறையற்றதா? பில்போர்டு இதழின் தொகுப்புத் தட்டு வரிசை 1991 வரையில் கடைக்காரர்களின் வாய்மொழியை நம்பியிருந்தது. எது விற்கிறது என்று கேட்பர். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வர். அவ்வாண்டு மே மாதத்தில், விற்பனை முகப்பில் பட்டைக்குறியை வருடிப் பெறும் கணக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அமெரிக்க நாட்டுப்புறச் சாயலுடைய 'கன்ட்ரி' இசையும் ராப் இசையும் வரிசையில் திடுமென உயர்ந்தன. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரித் தொகுப்பு, வெளியானவுடனே முதலிடம் பெற்றது. மக்களின் சுவை சில வாரங்களில் மாறிவிடவில்லை. எதனை மதிக்கலாம் என்று கடைக்காரர் உள்ளத்தில் கொண்டிருந்த எண்ணமும் முன்பு எண்ணிக்கைக்குள் கலந்திருந்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இவ்வளவும் கூறியதால் விற்பனையை இகழ்கிறேன் என்று கொள்ளற்க. நாட்கூலியில் மிச்சம் பிடித்து இசைத்தட்டு வாங்கியவர் ஒரு தீர்ப்பையே வழங்கினார். விலை கொடுத்து அவர் வழங்கிய தீர்ப்பு, மேடையில் விலையின்றிப் பொழியும் புகழ்மொழியினும் மெய்யானது. என் மனத்தை உறுத்துவது வேறு. வெற்றி எனப்படுவது யாருடையது? அட்லாண்டா நகரின் டி.எல்.சி. என்னும் குழுவினர் மூவர், இளம்பெண்கள். 1994-இல் வந்த அவர்களுடைய தொகுப்பு, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கான சான்றினைப் பின்னர் அடைந்தது. அதன் பாடல்கள் வானொலியெங்கும் முழங்கிய 1995-இலேயே அம்மூவரும் கடன் தீர்க்க இயலாது நொடிப்பு மனுச் செய்தனர். அவ்விசைத் தொழிலில், ஒலிப்பதிவுச் செலவும் முன்பணமும் பாடுவோரின் பங்கில் கழிக்கப்படுவது வழக்கம். சுவரில் தொங்கும் பிளாட்டினத் தட்டு அக்கழிவைக் காட்டுவதில்லை. விற்பனையைக் கண்டு கலைஞரின் வாழ்வைக் கருதுவோர், பனிமூட்டத்தைப் புகை என்று மயங்கியவராகின்றனர்.

மறுதலையும் உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு. புகையில்லை என்பர் தருக்க நூலார். ஜமைக்காவின் பாப் மார்லி பிரிட்டனில் நற்பெயர் பெற்றவர். ஆனால் அமெரிக்காவின் நூறு பாடல் வரிசையில் அவர் பாடல் இடம்பெற்றது ஒரே முறை. அது 1976-இல், எட்டியதும் 51-ஆம் இடமே. அவ்வாண்டில் அவ்வெண்ணை மட்டும் நோக்கிய வணிகர் ஒருவர், இவருக்கு எதிர்காலமில்லை என முடிவு கட்டியிருந்தால் அவரைக் குறைகூற இயலாது. மார்லி 1981-இல் மறைந்தார். 1984-இல் அவருடைய பழைய பாடல்களைத் திரட்டி 'லெஜெண்ட்' என்னும் தொகுப்பு வெளியாயிற்று. அதே அமெரிக்காவில் அது ஒரு கோடிக்கும் மேலான பிரதிகளுக்குச் சான்று பெற்றுள்ளது. குரல் அதேதான், பாட்டிலும் ஓர் எழுத்து மாறவில்லை. அந்த ஒரு கோடியை அவர் கேட்கவுமில்லை.