புனிதரின் முகம்

சுரூபத்தின் கையில் திறவுகோல் இருந்தால் இராயப்பர்; வாள் இருந்தால் சின்னப்பர்; தட்டிலே இரு கண்களை ஏந்தி நின்றால் லூசியம்மாள். எழுத்தறியாத பாட்டிமாரும் இப்படியே புனிதர்களை இனங்கண்டு வந்திருக்கின்றனர். இராயப்பருக்குக் குறுந்தாடியும் சின்னப்பருக்கு வழுக்கைத் தலையும் ஆதிகாலந்தொட்டு வரைவதுண்டு. லூசியம்மாளின் முகமோ முழுதும் சித்திரகாரரின் கற்பனை. அதைக் குறை சொல்ல முடியாது. உண்மை முகம் எவருக்கும் தெரியாதே.

முகம் தெரிந்த புனிதரானால்?

குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாள் 1897ல், பிரான்சு தேசத்து லிசியே நகரின் கார்மேல் மடத்தில், 24 வயதிற் காசநோயால் மரித்தார். அவருடைய தமக்கை செலீன் 1894ல் அம்மடத்திற் சேர்ந்தபோது புகைப்படக் கருவியையும் கொண்டு சென்றார். ஆகவே தெரேசம்மாளின் முகம் படங்களிற் பதிந்திருந்தது. ஆனால் உலகெங்கும் பரவியவை, தூரிகையால் திருத்திய படங்களும், சிலுவையும் ரோசா மலர்களும் ஏந்திய இனிய சித்திரமுமே. திருத்தாத படங்கள் 1961ல்தான் நூலாக வெளிவந்தன.

இது ஏமாற்றா? செலீனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அக்காலக் கருவியின் முன் பல விநாடி அசையாதிருக்க வேண்டும், முகம் இறுகிவிடும், தாம் அறிந்த தங்கையின் உயிர்க்களை அதில் இல்லையென்று அவர் கருதினார். உடன் வளர்ந்தவரின் சாட்சியத்தை எளிதிற் தள்ளிவிடலாகாது. மரித்த தாயின் படத்தைப் பெருப்பிக்கக் கொடுக்கும்போது, நெற்றிச் சுருக்கத்தை எடுத்துவிடும்படி ஸ்ரூடியோகாரரிடம் நாமுஞ் சொல்வதில்லையா?

ஆயினும் மனம் ஒப்பவில்லை. ரோசா மலர் 'இவர் இன்னார்' என்று மாத்திரம் சொல்கிறது. திருத்திய முகமோ 'புனிதர் என்றால் இப்படித்தான் இருப்பார்' என்று சொல்லிவிடுகிறது. சிறு வேலைகளை அன்போடு செய்வதே தம் வழியென்றவர் அவர். சக கன்னியரோடு துணி தோய்க்கும் படமொன்றும் அவருக்கு உண்டு. மெருகிட்ட முகங்களையே பார்த்துப் பழகிய கண், அடுப்படியில் வியர்த்து நிற்பவரிடத்தில் புனிதத்தைத் தேடுமா?

மரணத்துக்கு நான்கு மாதங்களுக்குள்ளாக, 1897 ஜூன் 7ல், செலீன் மீண்டும் அவரைப் படமெடுத்தார். நோயாற் களைத்த முகம். கையிலே இரு சிறு படங்கள்: ஒன்று குழந்தை யேசு, மற்றையது யேசுவின் திருமுகம். துறவறத்தில் அவர் பூண்ட பெயருக்குரியவை அவ்விரண்டுமே.