என்ன உறவு?

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பால் கணக்கு. தெருவுக்கு அவர்கள் 'பெரிய டீச்சர்', 'சின்ன டீச்சர்'. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் நம்மவர்களுக்கு ஒரு நாகரிகம் உண்டு. அந்த நாகரிகத்துக்குள் கொஞ்சம் கோழைத்தனமும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில வருஷங்களுக்கு முன் பெரிய டீச்சருக்கு மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டி, "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். "கூட இருக்கிறவங்க" என்றார் சின்ன டீச்சர். கூட இருக்கிறவர்களின் கையெழுத்துச் செல்லாதாம். ஒரு பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்த்திராத அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், மூன்றாம் நாள் உடலையும், காரியம் முடிந்த மறுநாள் வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார். சட்டப்படி அவர்மேல் தப்பே இல்லை. மணமாகாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், பெற்றோரும் இல்லாதபோது, சொத்து தகப்பனின் வாரிசுகளுக்குத்தான் என்கிறது 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம்.

என்னைவிட இருபது வயது மூத்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"உயில் எழுதி வச்சிருக்கலாமே தம்பி?"

எழுதியிருக்கலாம். உயில் வீட்டைக் கொடுக்கும்; ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்து நாற்காலியைக் கொடுக்குமா? "அந்த நாற்காலியில் உட்கார உங்க சம்சாரத்துக்கு நீங்க ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்காகக் கல்யாணமா? பொம்பளையும் பொம்பளையுமா? சாஸ்திரம் உண்டா, வழக்கம் உண்டா?"

இதை அவர் கேட்டதுதான் வேடிக்கை. அவருடைய பெற்றோருக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. மேடையில் இரண்டு மாலை, நாலு பேச்சு. அத்தகைய மணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சாஸ்திரச் சடங்கும் நடக்கவில்லை, நெடுநாளைய வழக்கம் என்று காட்டவும் வழியில்லை என்பதுதான் காரணம். குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் சட்டத்தின் கண்ணில் வெறுமே 'கூட இருக்கிறவர்கள்' ஆனார்கள். 1967ல் அண்ணாதுரை அரசு கொண்டுவந்த திருத்தத்தால் ஹிந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அது. என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். நண்பரின் பெற்றோர் மறுபடி மாலை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையைத் தேடிச் சட்டம்தான் நடந்து வந்தது.

சின்ன டீச்சரைப் போன்றவர்களைத் தேடியும் அது வரட்டும் என்றுதான் கேட்கிறேன். 2018ல் உச்ச நீதிமன்றம், மனமொத்த வயது வந்தவர்களின் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைப் பெருமளவு முடக்கியது. 2023 அக்டோபர் 17ல் அதே நீதிமன்றம், ஒரே பாலினத்தாரின் திருமணத்துக்குச் சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது. சேர்ந்து வாழ்ந்தால் குற்றமில்லை, ஆனால் உறவுமில்லை! 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று இரண்டு பெண்களின் வழக்கில் சொன்னது. நல்ல வார்த்தைதான். வாரிசுச் சான்றிதழ் எழுதுகிற தாசில்தார் அந்த நல்ல வார்த்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

பிள்ளைப்பேறு இல்லாத மணம் மணமா என்பார்கள். அறுபது வயதில் மணந்துகொள்ள வருகிறவர்களிடம் எந்தப் பதிவாளரும் அதைக் கேட்பதில்லை.

நண்பர் வீட்டுக் கூடத்தில் அவருடைய பெற்றோரின் மணக்கோலப் படம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தபடி, "அதுவும் இதுவும் ஒண்ணாகுமா?" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்:

"அந்தச் சின்ன டீச்சர் இப்போ எங்கே இருக்காங்க?"

"திண்டுக்கல் பக்கத்திலே. தங்கை வீட்டு மாடியிலே ஓர் அறை" என்றேன்.