ஏது இல்லாத விடை

களுதாவளையில் எம் வீட்டுக்கு அடுத்த வளவு ஒரு வெற்றிலைத் தோட்டம். அதனைப் பேணும் முதியவர் காலையிற் கொடிகளிடையே ஒருமுறை நடந்துவந்து, "இந்த வரிசை பழுதாகப் போகுது" என்பார். கிழமை ஒன்றில் இலைகள் கருகும். காரணம் வினவினால், "கண்டு பழகின கண் மகன்" என்பதே விடை. அவர் அறிந்து சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா என்று நான் அந்நாளிற் சிந்தித்ததில்லை.

உயிர்த்தகவலியலிற் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்த ஊர்த் தோழி ஒருத்தி, சென்ற விடுமுறையில், "கணனி விடையைத் தந்துவிட்டதே, இனி நான் நாலு வருசம் எதைத் தேடுவது?" என்று கேட்டபோதே அவ்வினா எழுந்தது.

அவள் கருதியது புரதத்தின் வடிவத்தை. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி மடிந்து கொள்ளும் வடிவமே அதன் தொழிலைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. ஒரு வடிவத்தைப் பரிசோதனையாற் காண ஆண்டுகள் கழிவதுண்டு. 'அல்பாபோல்ட்' என்னும் கணனிமுறை 2022ஆம் ஆண்டளவில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் வடிவங்களை முன்னுரைத்து வெளியிட்டது. அதனை ஆக்கிய ஹசாபிஸ், ஜம்பர் ஆகியோர் 2024இன் இரசாயன நோபல் பரிசிற் பாதியைப் பெற்றனர்.

இதற்கு நெடுங்காலம் முன்னர், 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் இரு திருகு கோணங்கள் உள. அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் ஒன்றையொன்று நெருங்க முடியாது. இதனைக் கொண்டு கணித்தபோது, கோணங்களுட் பெரும்பாலானவை ஆகாதவை எனத் தெரிந்தது. அவ்வரைபடம் எந்தப் புரதத்தின் முழு வடிவத்தையும் கூறவில்லை. ஒரு வடிவம் ஏன் ஆகாது என்பதைக் கூறிற்று. இன்றும் கணனி தரும் வடிவங்கள் அதனாற் சோதிக்கப்படுகின்றன.

சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கும். கருதலுக்கு ஏது வேண்டும். புகையின்றி மலையில் நெருப்பு உண்டெனல் கருதலாகாது. கணனியின் முன்னுரை நமக்குக் காண்டல் அன்று. அதன் ஏதுவை நாம் தொடர முடியாமையால் நம்மளவிற் கருதலும் அன்று. ஆகவே அதனை உரையாகவே ஏற்கின்றோம். உரையின் வலிமையோ உரைப்பவரின் நம்பகத்தில் உள்ளது. இங்கே உரைப்பவர் யார்? (கலைப்பீடத்தவனுக்குப் புரதம் எதற்கு என விஞ்ஞானபீட நண்பர் நகைக்கலாம், இது புரதத்தைப் பற்றிய கேள்வியே அன்று.)

கணனி தன் ஐயத்தையும் ஓர் எண்ணாகத் தருகின்றது என்பர். உண்மை, மனிதரிற் பலர் அதுவும் தருவதில்லை. எனினும் அவ்வெண் எவ்வளவு நம்பலாம் என்கிறதேயன்றி ஏன் என்கிறதில்லை. அவ்வடிவத்தை நம்பி மருந்தொன்று ஆக்கப்பட்டு, அது பிழைத்தால், எண்ணிடம் எவரும் விளக்கம் கேட்க முடியாது. வெற்றிலைத் தோட்டத்து முதியவரும் ஏது கூறுவதில்லைதான். ஆயினும் அவர் சொல் பொய்த்தால் வீணாகப் பிடுங்கப்பட்ட கொடி அவருடையது. அந்தப் போகத்து நட்டமும் அவருடையது.

கலாநிதிப் பட்டம் விடைக்கு அளிக்கப்படுவதாயின் தோழியின் சோர்வு நியாயமே. ஆனால் வாய்மொழிப் பரீட்சையிற் கேட்கப்படுவது "ஏன்?" என்பதே, அதற்கு முகம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இதனை அவளிடம் கூறினேன். அவள் உடன்படவில்லை, "ஏன் என்பதையும் ஒருநாள் கணனி சொல்லும்" என்றாள். சொல்லலாம்.

சென்ற மாதம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். கணனி மிகக் குறைந்த நம்பிக்கை எண் இட்ட, நிலையான வடிவமே அற்ற புரதப் பகுதிகளைத் தன் ஆய்வுப் பொருளாகத் தெரிந்திருக்கிறாள்.