சரிந்த சுவரும் அறத்தீர்ப்பும்

மனிதன் தன் செயலின் விளைவுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்னும் வினா ஒழுக்கவியலில் மிகப் பழையது. புயலிலே கப்பற் சரக்கைக் கடலில் எறிபவனை அரிஸ்டோட்டில் அதன்பொருட்டு ஆராய்ந்தார். நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குபவனை இம்மானுவேல் கான்ற் எடுத்துக்கொண்டார். கிராமத்திலே தன் சொந்தக் காணியில் தன் கையாலேயே வீடு கட்டுபவன் மெய்யியல் நூல்களில் அதிகம் பேசப்பட்டவன் அல்லன். எனினும் இவ்வினாவின் முழுக் கனத்தையும் தோளிற் சுமப்பவன் அவனே எனலாம்.

நகரத்திலே வீடு கட்டுவிப்பவருக்கும் எழும்பும் வீட்டிற்கும் இடையில் ஒப்பந்தகாரர், மேசன், தச்சர், மேற்பார்வையாளர் எனப் பலர் நிற்பர். பிழை நேருமிடத்து அதனைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் உண்டு. வன்னியின் ஒரு குடியேற்றக் கிராமத்திலே தானே மண் குழைத்துத் தானே மரம் இழைத்து வீடு கட்டுபவருக்கு அவ்வசதி இல்லை. அவருக்கும் வீட்டிற்கும் இடையில் நிற்பது வானம் ஒன்றே.

அவ்வானத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் அவசியம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்கள் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரையுள்ள சில மாதங்களிலேயே கொட்டித் தீர்கின்றது. அது எந்த வாரத்தில் தொடங்கும், எவ்வளவு பெய்யும் என்பன ஆண்டுக்காண்டு மாறுபடும். 2016ஆம், 2017ஆம் ஆண்டுகளில் வடமாகாணம் கடும் வரட்சியால் வாடியது. 2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல கிராமங்கள் வெள்ளத்துள் அகப்பட்டன. நீருக்கு ஏங்கிய அதே முற்றத்திலே நீர் இடுப்பளவு நின்றது.

இவ்விடத்தில் வீடு கட்டுபவரின் நாட்காட்டி விசித்திரமானது. காலபோக நெல் அறுவடையான பின்னரே, மாசி பங்குனியளவில், அவர் கையிற் பணம் புழங்குகின்றது. மரமும் கல்லும் மணலும் சேர்க்கச் சித்திரை கழிந்துவிடும். அதன்பின் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் மண் குழைப்பதற்கும், சீமெந்துக் கல் அரிவதற்கும், கட்டிய சுவரை நாள்தோறும் நனைப்பதற்கும் வேண்டிய நீர் கிணற்றில் அடிதட்டத் தொடங்குகின்றது. வெயில் உள்ளபோது நீரில்லை. நீர் வந்தபோது வெயிலில்லை. இடையிலே சோளகக் காற்று அரைகுறையாக வேய்ந்த கிடுகைப் பிடுங்கும். ஆடி மாதம் மங்கல காரியங்களுக்கு ஆகாதென விலக்கப்பட்டுள்ளது. ஆவணி புரட்டாசியில் வயல் உழவுக்கு அழைக்கும். எஞ்சுவன சில வாரங்களே. வள்ளுவர் 'காலமறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார் என்பது உண்மைதான். ஆயினும் அவ்வதிகாரம் பொருட்பாலில், பகைவரை வெல்ல நினைக்கும் அரசனை நோக்கி அமைந்தது. அரசனின் பகைவனுக்கு எண்ணமும் அச்சமும் உண்டு; அவற்றைக் கொண்டு அவன் போக்கை ஊகிக்கலாம். மேகத்துக்கு அவை இரண்டும் இல்லை.

வேலையின் தன்மையும் நோக்கத்தக்கது. மண்சுவர் வைப்போர் புற்றுமண்ணையோ களிமண்ணையோ நீரூற்றி, வைக்கோல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். அதனை ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு வைத்து, அது காய்ந்து இறுகும்வரை காத்திருந்து, அதன்மேல் அடுத்த வரியை வைப்பர். ஈரம் உலருமுன் மேல்வரியை ஏற்றினால் கீழ்வரி பிதுங்கும். சுவர் தூக்குநூலை விட்டு விலகும். ஆகவே பொறுமையே இவ்வேலையின் முதல் விதி. ஆனால் பொறுமையோடு கழித்த ஒவ்வொரு நாளும் வீட்டை மழைக்கு ஒரு நாள் அண்மையிற் கொண்டுபோய் நிறுத்துகின்றது. கூரை ஏறாத மண்சுவருக்கு இரண்டு நாள் அடைமழை போதும். காத்திருத்தல் என்னும் ஒரே செயல் இங்கே குணமாகவும் குற்றமாகவும் ஒருசேர இருக்கின்றது. பின்னால் வரும் மழையே அதற்குப் பெயரிடுகின்றது.

அயல் காணிகளில் ஒரே மாதத்தில் வேலை தொடங்கிய இருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதலாமவர் முறை தெரிந்தவர். ஒவ்வொரு வரியையும் நன்கு காயவிட்டே மேலே செல்கின்றார். இரண்டாமவர் அவசரக்காரர்; ஈரச்சுவர்மேல் ஈரமண்ணை ஏற்றி, வளை தூக்கி, கிடுகும் போட்டுவிடுகின்றார். அவ்வாண்டு மழை மூன்று வாரம் முந்திவிடுகின்றது. முதலாமவரின் திறந்த சுவர்கள் கரைந்து குவியலாகின்றன. இரண்டாமவரின் கோணற் சுவர்கள் கூரையின்கீழ் தப்பி நிற்கின்றன. ஊர் முதலாமவரை மந்தன் என்கின்றது. இரண்டாமவரைக் கெட்டிக்காரன் என்கின்றது. மழை வழக்கமான காலத்தில் வந்திருந்தால், அல்லது மூன்று வாரம் பிந்தியிருந்தால், நேர்ச்சுவரின்மேற் கூரை ஏறியிருக்கும், கோணற்சுவர் தன் பாரத்தாலேயே வெடித்திருக்கும், பெயர்களும் இடம்மாறியிருக்கும். இருவரது குணத்திலும் அறிவிலும் உழைப்பிலும் இம்மியும் மாற்றமில்லை. மாறியது காற்றின் திசை. அவ்வாறாயின் ஊரார் வழங்கிய தீர்ப்பு எதைப் பற்றியது?

கான்ற் இதற்குத் திடமாக விடை கூறுவார். 1785இல் வெளிவந்த ஒழுக்க மெய்யியல் நூலிலே, நல்லெண்ணத்தின் மதிப்பு அது சாதித்தவற்றில் தங்கியிருப்பதில்லை என அவர் நிறுவ முயன்றார். அவரைப் பொறுத்தவரை சுவர் நின்றதும் விழுந்ததும் அறத்தின் கணக்கில் ஏறா. பகவத்கீதை வேறொரு வழியால் இதற்கு அண்மையில் வருகின்றது: கருமத்தில் அதிகாரமுண்டு, பலனில் இல்லை. இக்கோட்பாடுகளின் கம்பீரம் மறுக்கத்தக்கதன்று. எனினும் கார்த்திகை இரவில் பிள்ளைகளோடு நனைந்துகொண்டு நிற்பவருக்கு, உமது எண்ணம் தூயது, அது போதும் என்று சொல்வது ஆறுதலாகாது. வீடு என்பது எண்ணத்தின் சின்னமன்று. நனையாமற் படுக்க ஓர் இடம். பலனில் அதிகாரமில்லை என்பதை நன்கு கட்டப்பட்ட கூரையின்கீழ் இருந்துகொண்டு உபதேசிப்பதிலே சிறிது சௌகரியம் இருக்கவே செய்கின்றது.

1976ஆம் ஆண்டு பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் இப்பிரச்சினையைப் புதிய முறையில் எழுப்பினர். மனிதர் தம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்காகவும் புகழப்படுகின்றனர், பழிக்கப்படுகின்றனர்; இது தருக்கத்துக்கு ஒவ்வாததாயினும் அறத்தீர்ப்பு வழங்கும் வழக்கத்திலிருந்து எளிதிற் களைய முடியாதது என அவர்கள் காட்டினர். ஒழுக்கத்தில் அதிர்ட்டம் என்பது அவர்கள் இட்ட பெயர். வில்லியம்ஸ் கூறும் லொறிச் சாரதியின் உதாரணம் பலரும் அறிந்தது. தன் பிழை எதுவுமின்றி ஒரு குழந்தையின் மரணத்துக்குக் காரணமாகிவிட்ட சாரதி, அதைப் பார்த்து நின்றவர்களின் துயரிலிருந்து வேறுபட்ட ஒரு துயரை அடைகின்றான். பிறர் அவனைத் தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவன் சற்றும் தயங்காமல் உடனே தேறிவிட்டால் அவர்களுக்கே அவன்மேல் ஓர் ஐயம் பிறக்கும்.

இவ்வேறுபாடு வீடு கட்டுபவர் விடயத்தில் பெரிதும் பயன்படுவது. 'இன்னும் ஒரு கிழமை முந்தித் தொடங்கியிருக்கலாம்' என்று சுவரிழந்தவர் சொல்லும்போது அவர் ஓர் உரிமையைப் பயன்படுத்துகின்றார். அச்சுவர் அவருடையது, அதன் வீழ்ச்சியும் அவருடைய வாழ்க்கையின் ஒரு செயலாக அவரிடம் வந்து சேர்கின்றது. அதே வாக்கியத்தை வேலிக்கு அப்பால் நிற்பவர் சொல்லும்போது அதன் பொருள் முற்றாக மாறிவிடுகின்றது. மழை பெய்து முடிந்தபின் பெறப்பட்ட அறிவை, மழைக்கு முன் வேலை செய்தவரிடம் இல்லாதிருந்த அறிவை, அவர் தம் புத்திசாலித்தனமாகக் காட்டிக்கொள்கின்றார். சொல் ஒன்றாயினும், முன்னது பொறுப்பேற்றல். பின்னது நடந்து முடிந்த வானிலையைத் திருப்பிச் சொல்லுதல்.

பழிப்பது தவறெனின் விதியைச் சொல்லி ஆற்றலாமா? கிராமத்தில் இதுவே அதிகம் நிகழ்கின்றது: 'எல்லாம் தலையெழுத்து, நீங்கள் என்ன செய்வீர்கள்?' அன்பினால் எழும் சொல்லே ஆயினும் இதிலும் ஓர் அநீதி உண்டு. விழுந்தது விதியால் எனின் நின்றதும் விதியால் என்றாகும். ஆறு மாதம் மண் மிதித்த கால்களுக்கு அங்கே பங்கில்லாமற் போகும். பழிப்பவன் அவரது துயரைப் பெருக்குகின்றான். விதியைக் காட்டுபவன் அவரது உழைப்பையே அவரிடமிருந்து எடுத்துவிடுகின்றான். திருக்குறளிலே ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. உரையாசிரியர்கள் இவற்றிடையே இணக்கம் காணப் பெரிதும் முயன்றுள்ளனர். அத்தகைய இணக்கத்துக்குக் காத்திராமலே, வீடு கட்டுபவர் காலையில் ஒன்றையும் இரவில் மற்றதையும் நம்பி வாழ்கின்றார். இது முரண்பாடு எனத் தருக்கம் பயின்றவர் கூறலாம். மண் குழைக்கும்போது விதியை நம்புபவனால் மண் குழைக்க இயலாது என்பதும், மழை கொட்டும் இரவில் தன் ஆற்றலை மட்டும் நம்புபவனால் உறங்க இயலாது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

இதனால் எந்தத் தவறும் தவறன்று என்று ஆகிவிடாது. நீரோடும் வாய்க்காலை மறித்து அத்திவாரம் இட்டவரும், குளத்தின் வான்பாயும் தாழ்நிலமென ஊரறிந்த இடத்திலே விலை மலிவென்று வீடு எழுப்பியவரும், வளையைச் சுவரோடு பிணைக்காது விட்டவரும் மழையின்மேற் குற்றம் சுமத்த முடியாது. அவர்கள் அறியக்கூடியதை அறிய மறுத்தவர்கள். இங்கும் ஒரு வினா மிஞ்சும்: உயர்நிலம் வாங்கப் பணமிருந்தும் தாழ்நிலத்தை நாடியவர் யார், வேறிடம் கிடையாமையால் நாடியவர் யார்? இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுள் கிடைத்த காணியிலே கட்டியவர்களே அதிகம். அவர்களுட் பல குடும்பங்களைப் பெண்களே தனித்துத் தாங்கினர். தெரிவே இல்லாதவிடத்துத் தெரிவின் பிழை பற்றிப் பேசுவது பொருந்தாது.

வானிலை அறிவு வளர்ந்துவிட்டமையால் பொறுப்பும் வளர்ந்துவிட்டது என ஒரு வாதம் எழலாம். 1964 டிசெம்பரிலே வவுனியாவின் ஊடாகச் சென்று தனுஷ்கோடியை அழித்த சூறாவளிக்கும், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்த புரேவிக்கும் இடையில் விஞ்ஞானம் நெடுந்தூரம் வந்துவிட்டது. பின்னையதன் வழி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். எச்சரிக்கை கேட்டும் பிள்ளைகளை ஈரச்சுவரின் அருகே படுக்கவைப்பவர் குற்றவாளியே. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆயினும் முன்னறிவித்தல் தருவது சில நாட்கள். சுவர் கேட்பது சில மாதங்கள். அது மனிதரைச் சுவரிலிருந்து தூக்கிச் செல்ல உதவுமேயன்றிச் சுவரைத் தூக்கிச் செல்ல உதவாது.

தீர்ப்பு வழங்குவது அயலவர் மட்டுமன்று. இந்திய அரசின் நிதியுதவியோடு 2012ஆம் ஆண்டு தொடக்கம் வடக்கிலும் கிழக்கிலும் பெருமளவில் நடைபெற்ற வீடமைப்புத் திட்டத்திலே, பயனாளிகள் தாமே வீட்டைக் கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா; அத்திவாரம், சுவர், கூரை என வேலை வளர வளரப் பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. தன் வீட்டைத் தானே கட்டும் மனிதரை நம்பியமை அத்திட்டத்தின் பெருமை. பொதுப்பணத்தை வேலையின் அளவறிந்து கொடுப்பதற்கும் நியாயமுண்டு. ஆனால் இம்முறையில் அமையும் எந்தத் திட்டத்திலும் சுவரின் உயரமே அளவுகோலாகின்றது; மழையாற் கரைந்த சுவரும் கட்டப்படாத சுவரும் அளவுநாடாவுக்கு ஒன்றுபோலவே தோன்றும். அடுத்த பகுதிப் பணம் வருமுன் மழை வந்துவிட்டால், கடன்பட்டேனும் கூரையை ஏற்றவேண்டிய நிலை. அவ்வாறு கடன்பட்டே வீட்டை முடித்தவர்கள் பலர். அங்கே நேர்ந்தது எவருடைய தீய எண்ணத்தாலும் அன்று. தாமதத்தைக் குறிக்கப் படிவத்திலே ஓர் இடம் உண்டு. தாமதித்தது வானமா மனிதரா என்று குறிக்க இடமில்லாதபோது, படிவம் தன்னையறியாமலே வேலியோரத்து அயலவரின் குரலிற் பேசத் தொடங்கிவிடுகின்றது.

சுவரிழந்தவரிடம் வருபவர்களுள் மூன்றாம் வகையினரும் உண்டு. அவர்கள் பழிப்பதுமில்லை, விதியைப் பேசுவதுமில்லை. நான்கு கிடுகுக் கட்டும் ஒரு மண்வெட்டியுமாக வந்து, முதலிற் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டில் போட்டுவிட்டுப் போவர். தையிலே வெயில் திரும்பியதும் மீண்டும் வருவர். சூளையில் வெந்த செங்கல் உடைந்தால் உடைந்ததுதான். சுவரிலே கரைந்த மண்ணோ அத்திவாரத்தின் ஓரத்திலேயே கிடக்கும், வைக்கோலும் அதனுள்ளேயே இருக்கும். அதனை வெட்டிக் கூட்டி நீர் தெளித்து மிதிக்கத் தொடங்குவர். எந்த வரி எப்போது காய்ந்தது, எந்த மூலை முதலிற் சரிந்தது என்று வீட்டுக்காரர் சொல்ல மற்றவர்கள் கேட்பர். 'இம்முறை கப்பு நட்டுக் கூரையை முதலில் ஏற்றிவிட்டுச் சுவரைப் பிறகு வைப்போம்' என்று அவர்களுள் வயதானவர் சொல்வார். வீட்டுக்காரர் சற்று யோசித்து, மரத்தின் விலையைக் கேட்பார்.