நாள் குறிக்காமல் வருபவர்

யமதர்மராஜன் வெளியே சென்றிருந்த வேளையில் அவனது இல்லத்திற்கு ஒரு சிறுவன் வந்தான். அவன் பெயர் நசிகேதன். மூன்று இரவுகள் அவன் உணவின்றி அங்கே காத்திருந்தான். திரும்பி வந்த யமன் செய்தியறிந்து பதறிப்போனான். உயிர்களையெல்லாம் நடுங்கச் செய்பவன், பசித்திருந்த ஒரு விருந்தினன் முன்னிலையில் நடுங்கினான். இரவுக்கு ஒன்றாக மூன்று வரங்கள் தந்து தன் பிழைக்கு ஈடு செய்தான். கடோபநிஷதம் அருளும் ஆத்ம வித்தை, காக்க வைக்கப்பட்ட ஓர் அதிதியிடம் மன்னிப்புக் கேட்பதில்தான் தொடங்குகிறது.

வரும் திதியை முன்கூட்டிக் குறிக்காமல் வருபவர் என்று 'அதிதி' என்ற சொல்லுக்குப் பெரியோர் பொருள் கூறுவர். தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பது பழம்பொருள். அதாவது, முன்பின் அறியாதவரே உண்மையான விருந்தினர். திருக்குறளில் அன்புடைமைக்கு அடுத்த அதிகாரம் விருந்தோம்பல். உறவினரிடம் காட்டிப் பழகிய அன்பு, வாசற்படியைத் தாண்டிப் புதியவரை அடைகின்ற இடம் அது.

வடகோடியிலிருந்து தென்கோடி வரை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் வோகல், நான்சி தம்பதியர் இருவரும் ஆசிரியர்கள். 2008 ஜூன் மாதத்தில், பத்து வயதான தங்கள் இரட்டைப் பிள்ளைகளுடன் அலாஸ்காவின் வடகோடியிலுள்ள புரூடோ விரிகுடாவிலிருந்து அவர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். 2011 மார்ச்சில் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா நகரை அடைந்தபோது 15 நாடுகளைக் கண்டிருந்தார்கள். சுமார் 27,800 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அப்போது வயது 13.

பெற்ற பிள்ளைகளை இப்படி நடுத்தெருவிற்கு அழைத்துச் செல்லலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்த அச்சம் பொருளற்றதும் அன்று. பயணத்தின் தொடக்கத்திலுள்ள டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வளவு தூரத்திலும் மனிதர் வசிக்கும் இடங்கள் மிகச் சிலவே. பெரு நாட்டின் கடற்கரையோரம் நெடும் பாலைவனம். படகோனியாவிலோ எதிர்க்காற்று சைக்கிளையே சாய்த்துவிடும். காரில் செல்பவருக்கு நான்கு புறமும் சுவர் உண்டு. சைக்கிளில் செல்பவருக்கு வெயிலும் மழையும் பசியும் நேரடியாகவே வந்து சேர்கின்றன. சுமந்து செல்லக்கூடிய தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு. அது தீரும்போது மற்றொரு மனிதரின் வாசலில் நின்றே ஆக வேண்டும்.

அந்த வாசல்கள் திறந்தன. முன்பின் அறியாதவர்கள் காட்டிய பரிவைப் பற்றி நான்சி பிற்காலத்தில் நிறைய எழுதினார்.

அந்த நெடுவழியில் இத்தகைய வாசல்கள் பல. பெருவின் துருஹியோ நகரில் லூச்சோ ராமிரெஸ் என்பவர் 1985-ஆம் ஆண்டில் தமது எளிய வீட்டைச் சைக்கிள் பயணிகளுக்காகத் திறந்து வைத்தார். ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கிச் சென்றிருக்கிறார்கள். தென்னமெரிக்காவின் பல ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் இரவில் பயணிகளுக்குப் படுக்க இடம் தந்துள்ளன. உஷுவாயாவிற்குச் சற்று முன்னுள்ள டொல்ஹுயின் என்ற சிற்றூரில் ரொட்டிக் கடை ஒன்று, களைத்து வரும் சைக்கிள் பயணிகளுக்குத் தங்கும் அறை அளித்துப் புகழ்பெற்றது. இவர்கள் யாரும் உபநிஷதம் படித்து இதைச் செய்யவில்லை. உபநிஷதம் கூறும் உண்மை அவர்களது இயல்பில் இருந்தது.

பெறுவதும் சாதனையே

கொடுப்பது கடினம் என்று நினைக்கிறோம். சில வேளைகளில் பெறுவது அதைவிடக் கடினம். ஏனெனில் 'எனக்கு யாரும் வேண்டாம்' என்பதே அகந்தையின் முதல் மொழி. துறவிக்குச் சாஸ்திரம் பிட்சையை விதித்திருப்பது வயிறு நிறைவதற்காக மட்டுமன்று, அந்த அகந்தை தேய்வதற்காகவும்தான். குடும்பத்தைக் காக்கும் தந்தை ஒருவர், தம் பிள்ளைகளின் கண்ணெதிரே, அறியாத ஒருவரிடம் ஒரு குவளை நீர் கேட்கிறார். அவரது பெருமை சற்றுக் கரைகிறது. அருகில் நிற்கும் பிள்ளைகளோ உலகம் பகைவர்களால் ஆனது அன்று என்பதைக் கற்கிறார்கள். இந்தப் பாடத்தை எந்த வகுப்பறை கற்பிக்கும்?

கொடுப்பவருக்குக் கிடைப்பதும் குறைவன்று. இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட ஐந்து மகா யஜ்ஞங்களுள் விருந்தோம்பலாகிய மனுஷ்ய யஜ்ஞமும் ஒன்று. வேள்வியில் ஆகுதி சொரிபவனே பயன் பெறுகிறான். அதுபோல, வாசலுக்கு வந்தவர் அந்த வீட்டிற்கு வேள்வி செய்யும் வாய்ப்பைக் கொண்டு வருகிறார். வாங்கிக்கொள்பவர் இல்லையேல் கொடுப்பவரின் உள்ளம் விரிவது எப்படி?

வருபவர் அனைவரையும் ஆராயாமல் உள்ளே அழைத்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. விவேகமும் இல்லறத்தாரின் கடமையே. ஆனால் நண்பகல் வெயிலில் மாடிப்படி ஏறிப் பொருள் கொண்டுவந்து தரும் இளைஞனுக்கு ஒரு குவளை மோர், வழி தவறி வந்து விசாரிப்பவருக்கு ஒரு நிமிடம், ஓர் இனிய சொல்: இவற்றைக் கொடுக்க எந்த விவேகம் தடுக்கிறது?

நசிகேதன் காத்திருந்தபோது யமன் வீட்டில் இல்லை. அவனுக்கு அந்த ஒரு நியாயமாவது இருந்தது. நாமோ வீட்டிலேயே இருக்கிறோம். வாசலில் யாரோ நிற்கிறார்கள்.