யார் வாசலில் அந்தப் புகை?

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில், ஒரு முடக்கில், கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து நடந்துபோன ஓர் அம்மா திடுக்கிட்டு ஓரம் ஒதுங்கினார். முதுகுக்குப் பின்னால் எங்கள் வாகனம் வந்து நிற்கும்வரை அவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிய என் தங்கை மகன் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டான்.

"சத்தமே இல்லாம வந்து நிக்குதே தம்பி!"

"கரண்ட்ல ஓடுற காரம்மா. பெற்றோல் வேணாம். புகையும் இல்ல."

அவர் காரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க லயத்துக்கு வருதே, அந்தக் கரண்ட்டா?"

"அதேதாம்மா."

தலையை ஆட்டிவிட்டு அவர் நடந்தார். மருமகன் அதை அங்கேயே மறந்துவிட்டான். மேலே காற்று ஆளைத் தள்ளுகிற இடத்தில், மூடுபனிக்குள் தொலைத்தொடர்புக் கோபுரம் தெரிவதும் மறைவதுமாக இருந்தபோதும் என்னை அந்தக் கேள்வி விடவில்லை. இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, வேறு யாருக்கெல்லாம் வருகிறது? காரின் பெரிய திரையில் எல்லாம் தெரிகிறது. இது மட்டும் தெரிவதில்லை.

இலங்கையில் பகுத்தறிவு பேசுகிறவன் ஆபிரகாம் கோவூரை நினைக்காமல் இருக்க முடியாது. கேரளத்தில் பிறந்து இங்கே ஆசிரியராக வாழ்ந்தவர். 1978-இல் இறக்கும்வரை அற்புதம் செய்வதாகச் சொன்ன சாமியார்களை விடாமல் துரத்தியவர். ஏமாற்ற வழியில்லாத இடத்தில் அற்புதத்தைச் செய்துகாட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அந்தப் பணத்தை யாராலும் வாங்க முடியவில்லை. மேடையில் நடப்பதோடு நிற்காமல் திரைக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். 'புகையே இல்லாத வாகனம்' என்று விளம்பரம் சொல்லும்போது நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். வாலில் புகைக்குழாய் இல்லை, அது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. சார்ஜ் ஏற்றும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் என்ன தெரியும்?

மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்றுக் கீழே. ரிவர்ஸ்டன் 1,400 மீட்டருக்குச் சற்று மேலே. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள காரை அந்த ஆயிரம் மீட்டர் தூக்கிவிட மட்டும் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் தேவை. சாலையின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் இதில் சேராது. பள்ளிக்கூடத்துப் பௌதிகம் போதும், யாரும் போட்டுப் பார்க்கலாம். அந்த 5 யூனிட்டை உக்குவலை நீர்மின் நிலையத்தில் எடுப்பதாக வைப்போம். 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரை மாத்தளைப் பக்கம் கொண்டுவந்து இறக்கும் இடம் அது. இறக்கம் எண்பது மீட்டருக்கும் குறைவு. வழியில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்தால், ஒரு கார் ஒரு தடவை ரிவர்ஸ்டன் ஏற 30,000 லீற்றர் தண்ணீர் அங்கே கீழே விழ வேண்டும்.

அந்தத் தண்ணீர் வீணாவதில்லை. சுழலியைச் சுற்றிவிட்டு, சுது கங்கையில் கலந்து, போவத்தன்னையில் இன்னொரு முறை மின்சாரமாகி, வடமத்திய மாகாண வயல்களுக்குப் போகிறது. காரும் இறங்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, செலவழித்ததில் கணிசமான பங்கைப் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பெற்றோல் வண்டி அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாக்கி எறிந்துவிடும். பொறியாக மின்சாரக் கார் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இது கணக்கின் மிக நல்ல பக்கம். பீலித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் லயங்களைக் கடந்துதான் நாம் மலை ஏறினோம் என்பதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

மறுபக்கம் இரவில் இருக்கிறது. மருமகன் வேலைவிட்டு வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும்போது சார்ஜரைச் செருகுகிறான். இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை வரை மின்சாரம் மலிவு என்பதுதான் அவனுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். அந்த நேரத்தில் சூரியன் இல்லை. நீர்த்தேக்கங்களை மாலை உச்ச நேரத்துக்காகப் பொத்தி வைத்திருப்பார்கள், வறட்சி மாதங்களில் இன்னும் இறுக்கமாக. இரவு முழுக்க நிற்காமல் எரிவது புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை: 900 மெகாவாட், மூன்று கொதிகலன், கப்பல் கப்பலாக வரும் நிலக்கரி. நிலக்கரியில் பிறக்கும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். நூறு கிலோமீட்டர் ஓட ஒரு மின்சாரக் காருக்கு 15 யூனிட் என்று வையுங்கள்: 15 கிலோ. லீற்றருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சின்னப் பெற்றோல் கார் அதே தூரத்துக்கு வெளியேற்றுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாட்டின் மின்சாரத்தில் சுமார் பாதி நீர், வெயில், காற்றிலிருந்து வருவதால் சராசரிக் கணக்கில் மின்சாரக் கார் தெளிவாக வெல்கிறது. ஆனால் உங்கள் காருக்குள் சராசரி ஏறுவதில்லை. நீங்கள் செருகிய மணிக்கு எது எரிகிறதோ அதுதான் ஏறுகிறது.

கொழும்பில் புகை குறைகிறது. நுரைச்சோலையில் கூடுகிறது. சாம்பல் தூசு வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் படிகிறது என்று அந்த ஊர் மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். நமக்கு இது புதிய கதையா? தீட்டு என்ற எண்ணம் இப்படித்தானே வேலை செய்தது? அழுக்கு எல்லா வீட்டிலும் உண்டானது. சில வீடுகள் அதை அள்ள ஆள் வைத்தன, அள்ளியவர்களை ஊருக்கு வெளியே வைத்தன, பிறகு தங்களைச் சுத்தமானவர்கள் என்று அழைத்துக்கொண்டன. சுத்தம் அவர்களுடைய குணமாயிற்று, அழுக்கு மற்றவர்களின் பிறப்பாயிற்று. ஒரு காரைச் சாதியோடு ஒப்பிடுவது மிகை என்று நினைப்பவர்கள், புது மின்சாரக் கார் வாங்கியவர் 'நான் காற்றைக் கெடுக்கவில்லை' என்று சொல்லும் தொனியை ஒருமுறை கவனித்துக் கேட்கட்டும். கெடுதலை எங்கே அனுப்பினோம், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்காத எந்தச் சுத்தமும் எனக்குப் பழைய ஆசாரமாகவே தெரிகிறது.

மலையகத்துக்கு இது இன்னும் நெருக்கமான கதை. பிரித்தானியர் காலத்திலேயே பல தேயிலைத் தோட்டங்கள் தங்கள் ஓடைகளில் சிறு சுழலிகளை வைத்து மின்சாரம் எடுத்து ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, ஓட்டின. கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் கரண்ட் இருந்தது. அதைப் பறித்தவரின் லயக் காம்பராவில் குப்பி விளக்கு எரிந்தது. 1918-இல் விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலையருவிகளால் நாட்டுக்கே மின்சாரம் தர முடியும் என்று எழுதினார். 1950-இல்தான் லக்ஷபானையில் அது நிறைவேறியது. அதன்பின் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை, மேல் கொத்மலை என்று மலைநாட்டின் தண்ணீர் தீவு முழுவதற்கும் வெளிச்சமானது. தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து மாத்தளைக்கு வந்துசேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் தலைக்கு மேல் போன கம்பியிலிருந்து ஒரு பல்ப் எரியப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள்.

லயத்துக்கு மின்சாரம் வந்த பிறகும் என்ன நடந்தது? 2022 ஆகஸ்டுக்கு முன், மாதம் 30 யூனிட் எரித்த வீடு 105 ரூபாய் கட்டியது. 2023 பெப்ரவரிக்குப் பின் அதே 30 யூனிட்டுக்கு 1,300 ரூபாய். அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். பிறகு கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் நாட்டின் கடனை அடைக்கும் சுமை 30 யூனிட் வீட்டின் மேலும் இறங்கியது. 60 யூனிட் கொள்ளளவுள்ள ஒரு கார்ப் பற்றரியை ஒருமுறை நிரப்பினால் அந்த வீட்டின் இரண்டு மாத மின்சாரம். அந்த அம்மாவின் "அந்தக் கரண்ட்டா?" என்ற கேள்விக்குள் இந்தக் கணக்கு இருக்கிறது, அவர் போட்டுப் பார்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்படியானால் பெற்றோலுக்கே திரும்பிவிடலாமா? மாட்டேன். 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்று செத்தவர்களை நான் மறக்கவில்லை. டொலர் இல்லாத நாடு, கப்பலில் வரும் எண்ணெயை நம்பி ஓடினால் என்ன ஆகும் என்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். நிலக்கரியும் அதே கப்பலில், அதே டொலரில்தான் வருகிறது என்பதுதான் பலருக்கு மறந்துபோகிறது.

கப்பலில் மட்டுமல்ல, கம்பியிலும் சிக்கல் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுவதும் இருண்டது. குரங்கைக் காரணம் சொல்வது பூனை குறுக்கே போனதைக் காரணம் சொல்வதுபோல. ஒரு குரங்கு தொட்டு ஒரு தீவு முழுவதும் ஏன் விழுகிறது என்பதே கேள்வி. விடுமுறை நாள், மின் தேவை குறைவு, கூரைச் சூரியத் தகடுகளின் மின்சாரம் அதிகம், தடுமாற்றத்தைத் தாங்கிப்பிடிக்கும் கனத்த சுழல் இயந்திரங்கள் குறைவு. அதிர்ச்சி வந்தபோது தாங்க ஆளில்லை. இரண்டே மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடு வைத்தவர்கள் பகலில் அதை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: நண்பகலில் வெயிலை வேண்டாம் என்கிறோம், நள்ளிரவில் நிலக்கரியை எரித்துக் காருக்கு ஊட்டுகிறோம்.

மின்சாரக் கார் ஒரு நடமாடும் பற்றரி. அது நண்பகலில் செருகப்பட்டால் வீணாகும் வெயிலைக் குடிக்கும், கம்பிகளின் தள்ளாட்டத்தையும் குறைக்கும். அதற்குச் சார்ஜர் வீட்டு வாசலில் இருந்து பயனில்லை. வேலைத்தலத்தில், ஆஸ்பத்திரி வளவில், மாத்தளை பஸ் நிலையத்தில், பாடசாலைப் பக்கத்தில் இருக்க வேண்டும். பகல் விலை இரவு விலையைவிடக் குறைய வேண்டும். முதல் சார்ஜர் பஸ்ஸுக்கு என்றும் சொல்வேன். ரத்தோட்டைப் பாதையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களின் தொகையைப் பார்த்தவன் ரிவர்ஸ்டன் காட்சிமுனையில் சார்ஜர் கேட்கமாட்டான்.

வெயிலும் காற்றும் வந்தால் மட்டும் நியாயம் வந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். சம்பூரில் 2006-இல் போரால் துரத்தப்பட்ட மக்களின் ஊர் நிலக்கரி மின் நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. மக்கள் பல ஆண்டு போராடி 2015-இல் திரும்பத் தொடங்கினார்கள், 2016-இல் அந்த நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது, 2025-இல் அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல். மன்னார்த் தீவில் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று அதே ஆண்டில் மக்கள் தெருவில் அமர்ந்தார்கள். எரிபொருள் மாறிற்று. நிலத்துக்காரரிடம் கேட்காத பழக்கம் மாறவில்லை.

அன்று மலையை விட்டு இறங்கும்போது நண்பகல். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. மருமகன் திரையைக் காட்டினான்: "பாருங்க மாமா, இறக்கத்துலயே நாலு வீதம் ஏறிருச்சு." நான் வலப்பக்கம் கீழே லயத்துக் கூரைகளைக் காட்டினேன். வரிசையாகப் பத்துக் காம்பரா, தகரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கூரை முழுவதும் தகடு வைத்தால் பத்து வீட்டுக்கும் போக மிச்சம் வரும், உன் காருக்கும் பகலில் கொடுக்கலாம், அவர்களுக்கு வருமானமாகவும் இருக்கும் என்றேன்.

"வைக்கலாமே. விண்ணப்பம் போட்டா போதும்."

நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது, கூரை தோட்டத்துக்குரியது, உள்ளே நான்கு தலைமுறையாக வாழ்பவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை என்று சொன்னேன். அவன் வேகத்தைக் குறைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப வீட்டுக்காரர்னு அங்க யாரு மாமா கையெழுத்துப் போடுறது?"