உபசாரமும் விபசாரமும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கி வருகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று நீராடுவதற்காக மக்கள் தென்காசி வழியே திரள் திரளாக வருகிறார்கள். பெரும்பாலோர் குடும்பத்தோடு வந்து, குளித்துக் களித்து, மங்குஸ்தான் பழமும் நேந்திரங்காய் வறுவலும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள். சிலர் வேறு எண்ணத்தோடும் வருகிறார்கள். இது குற்றாலத்துக்கு மட்டும் உரிய நோயன்று. நாள் வாடகைக்கு அறை கிடைக்கும் எந்த ஊரிலும் இது உண்டு.

சென்ற ஆண்டு சாரல் காலத்தில், மழை சற்று விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் எங்கள் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்துக்காக அவர் வரவில்லை. ஆகவேதான் இதை எழுத இயல்கிறது; எழுதுவதற்கு அவரும் இசைந்தார். நெடுநேரம் திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டுக் கேட்டார்:

"சாமி, ரூம் எடுத்துத் தங்குத பயலுவ சில பேரு பொண்ணு கிடைக்குமான்னு கேக்கான். ஒரு ஆள்கிட்ட கொண்டு விடுவேன். எனக்கு ஒரு கமிஷன் வரும். அது தப்புன்னு தெரியும், அதைக் கேக்க வரல. முதல் தடவையா போறவன் என்கிட்டயே கேக்கான், 'அண்ணே, உள்ள போயி எப்படி நடந்துக்கிடணும், ரூவாயை எப்போ குடுக்கணும், என்ன பேசணும்'னு. நானும் சொல்லிக் குடுக்கேன். குடிச்சிட்டுப் போவாத, குளிச்சிட்டுப் போ, பேசின ரூவாயைக் குறைக்காத, அந்தப் பிள்ளை வேண்டாம்னா விட்டுரு, கையை ஓங்காத, போட்டோ எடுக்காத. இப்படிச் சொல்லிக் குடுக்கது புண்ணியமா, பாவமா?"

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இப்படி ஒரு வினாவை எந்தத் தேர்விலும் எனக்கு யாரும் கேட்டதில்லை.

முதற் பகுதிக்கு விடை எளிது. ஆளைக் கொண்டுபோய் விட்டுப் பணம் பெறுவது பிறர் தீமையில் பங்குகொள்வதே. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றம் என்றே கொள்கிறது. இரண்டாம் பகுதிதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. பெருந்தீமை செய்யத் துணிந்துவிட்ட ஒருவனைச் சிறிய தீமையோடு நின்றுகொள்ளுமாறு அறிவுறுத்தலாமா என்று பழைய அறநெறி அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். கொலை செய்யப் புறப்பட்டவனிடம், "கொல்லாதே, வேண்டுமானால் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடு" என்று சொல்லலாமா? சொல்லலாம் என்ற பக்கமே சாய்ந்தார் புனித அல்போன்ஸ் லிகோரியார். அந்தக் கணக்கில் பார்த்தால், கையை ஓங்காதே என்று சொன்ன நம் ஆட்டோக்காரர் நல்லதையே செய்தார் என்று ஆகிறது.

இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். 1999இல் கொல்கத்தாவின் விலைமகளிர் பகுதியொன்றில் ஒரு பெண்ணை ஒருவன் தலையைத் தரையிலும் சுவரிலும் மோதிக் கொன்றான். அவனது மேல்முறையீட்டை 2011 பிப்ரவரியில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அத்தோடு வழக்கை முடித்துவிடவில்லை. இத்தகைய பெண்களும் மாண்போடு வாழும் உரிமை உடையவர்களே என்று கூறி, அவர்களது மறுவாழ்வைக் குறித்து ஆராயத் தொடங்கியது. அதே வழக்கில்தான் 2022 மே 19 அன்று, காவல்துறையினர் அவர்களைச் சொல்லாலோ செயலாலோ இழிவுபடுத்தலாகாது என்றும், பாலியல் வன்முறைக்கு உள்ளானால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. இவற்றையெல்லாம் ஒரு நீதிமன்றம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், வருகிறவன் குடித்திருக்கிறானா, கை ஓங்குகிறவனா என்பது அந்தப் பெண்ணுக்கு உயிர் போகும் காரியம் என்றே பொருள். கேரளத்தைச் சேர்ந்த நளினி ஜமீலா 2005இல் வெளியிட்ட தன்வரலாறு தமிழிலும் கிடைக்கிறது. அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆயினும் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசும் குரலை ஒருமுறையேனும் கேட்காமல் இந்தப் பொருளைப் பற்றி மறையுரை ஆற்றுவது நேர்மையாகாது என்பதை அந்நூலைப் படித்தபோது உணர்ந்தேன்.

ஆனால் லிகோரியார் காட்டும் அறிவுரையாளர் தீமைக்கு வெளியே நிற்பவர். தடுத்துப் பார்த்து, முடியாதபோது குறைக்க முயல்பவர். அதனால் அவருக்கு ஊதியம் எதுவும் இல்லை. நம் நண்பரோ வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார். அவர் சொல்லித்தரும் ஒழுங்கு அந்தப் பையனின் கால்நடுக்கத்தைப் போக்கிவிடுகிறது. நடுக்கம் போகாதிருந்தால் அவன் பாதி வழியில் இறங்கியிருக்கவும் கூடும் அல்லவா?

இங்கே சற்று நின்று சிந்திப்போம். கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறவன், பாட்டிலிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரிடமும் கேட்பதில்லை. அந்தப் பையன் கேட்கிறான். ஏன்? அறைக்குள் இருப்பது பண்டமன்று, ஓர் ஆள் என்று அவனுக்குள் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. மனச்சான்று என்று நாம் அழைப்பது அதைத்தான். அது எழுப்பிய வினாவுக்கு நேரான விடை, "தம்பி, அவளும் ஒருத்தி வீட்டுப் பிள்ளை, திரும்பிப் போ" என்பது. அதற்குப் பதிலாக, எப்போது குளிக்க வேண்டும், பணத்தை எப்போது எடுத்து வைக்க வேண்டும் என்ற ஒரு பட்டியல் கிடைக்கிறது. வினா அடங்கிவிடுகிறது.

தொடக்க நூலின் 38ஆம் அதிகாரத்தில் இத்தகைய ஒழுங்குள்ள மனிதர் ஒருவரைக் காண்கிறோம். கோவிலில் நாம் அதிகம் வாசிக்காத பகுதி அது. மனைவியை இழந்த யூதா, திம்னா செல்லும் வழியில் முக்காடிட்டு அமர்ந்திருந்த ஒரு பெண்ணைக் காண்கிறார். விலைமகள் என்று எண்ணுகிறார். என்ன தருவீர் என்று கேட்டவளுக்கு ஓர் ஆட்டுக்குட்டி தருவதாகச் சொல்கிறார். ஈடாகத் தம் முத்திரையையும் அதன் கயிற்றையும் கைக்கோலையும் கேட்டபோது மறுப்பின்றிக் கொடுக்கிறார். பின்னர் சொன்ன சொல் தவறாமல் நண்பர் வழியாக ஆட்டுக்குட்டியை அனுப்பியும் வைக்கிறார். பெண் அங்கே இல்லை. ஊர் சிரிக்கும், ஈடு அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். கடுஞ்சொல் இல்லை, அடி இல்லை, பேசியதைக் குறைக்கவும் இல்லை. நம் ஆட்டோக்காரரின் பட்டியலில் அவர் எல்லாவற்றிலும் தேறியவர். அவர் செய்யாதது ஒன்றுதான்: அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் தம் மருமகள் தாமார் என்று அறிந்திருப்பார். தம் கடைசி மகனை மணமுடித்துத் தராமல் ஏமாற்றி, அவளைக் கைம்பெண்ணாகவே தந்தை வீட்டில் காத்திருக்க வைத்தவர் தாமே என்பதும் நினைவுக்கு வந்திருக்கும். மூன்று மாதம் கழித்து, அவள் கருவுற்றிருக்கிறாள் என்று கேட்டவுடன், எரித்துவிடுங்கள் என்று ஆணையிட்டவரும் இதே யூதாதான். அவளிடம் வாக்குத் தவறாத அதே மனிதர்! முத்திரையும் கைக்கோலும் கண்முன் வந்த பிறகே, என்னைவிட அவள் நேர்மையானவள் என்று அவர் ஒப்புக்கொண்டார். மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணையில் தாமாரின் பெயர் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம்.

நம் தமிழ் மரபிலும் இந்த முகம் பாராமை உண்டு. கோவலன் நேரே மாதவியை விலைபேசவில்லை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுக்கு ஒரு மாலையைத்தான் வாங்கினான். பேரம் மாலைக்கு, மனை புகுந்தது அவன் விருப்பம் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளலாம். வள்ளுவரோ 'வரைவின் மகளிர்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே போகிறவன் எதையெல்லாம் இழப்பான் என்று எச்சரிக்கும் அவர், அங்கே இருப்பவள் எதை இழந்து அங்கே வந்தாள் என்று கேட்கவில்லை. வள்ளுவரிடம் குறை காண்பதாக யாரும் சினம் கொள்ள வேண்டாம். நான் ஆற்றிய மறையுரைகளும் அப்படித்தான் இருந்திருக்கின்றன.

உபசாரம், விபசாரம் என்னும் இரு சொற்களும் நடத்தல், செல்லுதல் என்று பொருள்படும் ஒரே வடமொழி வேரிலிருந்து பிறந்தவை. அருகே சென்று பேணுவது உபசாரம். வழி தவறிச் செல்வது விபசாரம். உபசாரத்தின் முதற்படி கேட்பது. வரலாமா, அமரலாமா, உமக்கு விருப்பமா என்று கேட்கிறோம். இல்லை என்ற விடை வந்தால் திரும்பிவிட அணியமாய் இருப்பவனே உண்மையில் கேட்டவன் ஆவான். பணம் வாங்குவது அந்த 'இல்லை'யைத்தான். "வேண்டாம்னா விட்டுரு" என்று நம் நண்பர் சொல்லித்தருகிறார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் அன்றைய கூலியும் போய், கொண்டுவந்து விட்டவனிடம் ஏச்சும் வாங்க வேண்டிய பெண், எங்கே அதைச் சொல்வாள்? அவளது மரியாதையை உள்ளபடி கருதுகிற ஒருவன், பட்டியலின் முதல் வரியைத் தாண்டுவதற்கு முன்பே அறையை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 மார்ச் மாதத்தில் உரோமையில் இளைஞர்களிடையே பேசும்போது, இது ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்வதே என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். கேட்டவர்களில் சிலருக்கு அந்தச் சொல் கடுமையாகப் பட்டிருக்கலாம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை.

பிறருக்கு உபசாரம் கற்பிக்க நான் தகுதியுள்ளவன்தானா என்பது வேறு கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஒரு பெண் தன் தாயின் நினைவு நாளுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டி வந்தார். அவரைப் பற்றி ஊர் பேசுவது என் காதுக்கும் எட்டியிருந்தது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. காணிக்கைப் பணத்தைக் கையில் வாங்காமல், "மேசையில் வையுங்கள்" என்றேன். தாயின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். மழையில் நனைந்து வந்திருந்தார். நனைந்தபடியே திரும்பிப் போனார். விலைமகள் ஈட்டிய பணம் அவளுக்கே உரியது, அதிலிருந்து அவள் தருமம் செய்யலாம் என்று புனித தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருப்பதைப் படித்துத் தேர்வெழுதியவன் நான்.

லூக்கா நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தைப் பாவ மன்னிப்பின் பகுதியாகவே நாம் வாசிக்கிறோம். அது உபசாரத்தின் பகுதியுங்கூட. பரிசேயர் சீமோனின் வீட்டுப் பந்தியில் ஆண்டவர் எண்ணிச் சொன்னவை மூன்று: கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை. ஒரு கைப்பிடி மரியாதை. அதை வீட்டுக்காரர் தரவில்லை. ஊர் ஒதுக்கிய பெண் தந்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கும்படி இயேசு சீமோனிடம் சொல்கிறார். சீமோனின் கண் அவள் வந்ததிலிருந்தே அவள்மேல்தான் இருந்தது. ஆனால் அவர் கண்டது ஒரு பட்டத்தை, ஆளை அல்ல. மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருந்த நானும் அதைத்தான் கண்டேன்.

இவ்வளவையும் அன்று திண்ணையில் சொல்லவில்லை. யூதாவின் கதையை மட்டும் சொன்னேன். கொண்டு விடுவதை நிறுத்துங்கள் தம்பி, அதன்பிறகு அவர்களுக்கு ஒழுங்கு கற்பிக்கும் வேலையும் உங்களுக்கு இராது என்றேன். கேட்கிறவனிடம் என்ன சொல்வது என்றார். ஐந்தருவிக்குப் போவதானால் ஏறு, வேறெதற்கும் என் வண்டி வராது என்று சொல்லுங்கள் என்றேன். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை இருக்கிறது, சீசனை விட்டால் அதைக் கட்ட வழியில்லை என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. பிறகு, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "சாமி, அங்க ஒரு அக்கா இருக்காவ. ரெண்டு வருசமா ஆள் கொண்டு விடுதேன். சாப்பிட்டீங்களான்னு ஒரு நாள் கூடக் கேட்டதில்ல" என்றார்.

மறுபடியும் சாரல் பிடித்துக்கொண்டது. சற்று நின்று போகலாம் என்று சொல்லி நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன். நனைந்தாலும் பரவாயில்லை என்று போய்விட்டார்.